பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்டிய மேயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், சிவா எழுப்ப விரும்பிய பாப்பாரப்பட்டி பாரத மாதா ஆலயத்துக்கு 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார் என்று ஒரு வரி இருந்தது. தருமபுரி மாவட்டத்தார் அனைவரும் அந்த ஒரு வரியைக் கேட்டே வளர்ந்தோம். வரலாற்று ஆசிரியராக இருந்த நானும் மாணவர்களுக்கு அதற்கு மேல் சொல்லாமல் விட்டது இப்போது மனத்தை உறுத்துகிறது. அடிக்கல் நாட்டிய மறு ஆண்டே அவர் கல்கத்தாவின் மேயரானார்.

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தந்த அந்த பாரிஸ்டர், ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பெரும் வருவாய் தந்த தொழிலையே விட்டு 1921 டிசம்பரில் சிறை சென்றவர். 1922 கயா காங்கிரஸில் தலைமை வகித்தபோது, சட்டசபைகளுக்குள் நுழைந்தும் போராட வேண்டும் என்ற அவர் கருத்தை முன்னின்று எதிர்த்தவர் நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அந்த ராஜாஜியும் 1917-இல் சேலம் நகராட்சித் தலைவர் பொறுப்பேற்றவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. கயாவில் தோற்ற தாஸ், மோதிலால் நேருவுடன் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். புதிய மாநகராட்சிச் சட்டத்தின்படி 1924-இல் நடந்த தேர்தலில் அக்கட்சி வென்று, அவர் முதல் மேயரானார்.

அன்னிய ஆட்சியின் கீழ் இருந்த ஒரு மாநகராட்சியைக் கொண்டு ஏழைகளுக்கு என்ன செய்ய முடியும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இலவசத் தொடக்கக் கல்வி, இலவச மருத்துவம், கலப்படமற்ற உணவும் பாலும், நல்ல குடிநீர், ஏழைகளுக்கு வீடு ஆகியவற்றைத் தம் திட்டமாக அறிவித்தார். துணை மேயராக, பிற்காலத்தில் பாகிஸ்தான் பிரதமரான சுஹ்ரவர்தி அமர்ந்தார். தலைமை நிர்வாக அதிகாரியாக நியமிக்கப்பட்ட 27 வயது சுபாஷ் சந்திர போஸ், தமக்குரிய 3,000 ரூபாய் ஊதியத்தில் பாதியை மட்டுமே பெற்றுக்கொண்டார். மாநகராட்சி ஊழியர்களின் சீருடை கதரானது.

அரசு இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. 1924 அக்டோபர் 25 அன்று சுபாஷ் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டு, பின்னர் பர்மாவின் மாந்தளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார். நாட்டை நேசிப்பது குற்றமென்றால் தலைமை அதிகாரி மட்டுமல்ல, மேயராகிய தாமும் குற்றவாளியே என்று தாஸ் மாமன்றத்திலேயே அறிவித்தார். மேயர் அங்கியோடு இப்படிப் பேசத் துணிந்த மனிதரை எங்கள் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

உடல் நலிந்து 1925 ஜூன் 16 அன்று டார்ஜிலிங்கில் அவர் காலமானார். நாட்டுக்கென அவர் கொடுத்துவிட்ட சொந்த வீடு பெண்களுக்கான மருத்துவமனையாயிற்று. அவர் மறைந்த 37-ஆம் நாள், ஜூலை 23 அன்று, பாப்பாரப்பட்டியில் சிவாவும் கண்மூடினார். கனவு கண்ட ஆலயம் எழுவதை இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

இன்று அங்கே அமைந்துள்ள நினைவாலயத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். அடிக்கல் நாட்டியவர் யார், மேயராக அவர் என்ன செய்தார் என்பதை அவர்கள் நின்று படிக்கும்படி தெளிவான தமிழில் ஒரு பலகையில் விரிவாக எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.