பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் பழைய இரும்பு விலையா? காப்புறுதி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் காப்புறுதி நிறுவனங்களின் இழப்பீட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கும், அவர்கள் அனுப்பிவைக்கும் இழப்பு மதிப்பீட்டாளர்களுக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் ஹை-ஃபை பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபையர், டர்ன்டேபிள், டியூனர், ஸ்பீக்கர் எல்லாம் வரும். சில சமயம் மிக்ஸியும் வரும், திருப்பி அனுப்பிவிடுவேன். பெரிய இடி விழுந்த மறுநாளும், மேல்வீட்டுக் குழாய் வெடித்த மறுநாளும் வருகிறவர்களில் பலர் கேட்பது பழுதுபார்ப்பதற்கு முன்னால் ஓர் அறிக்கை. உங்களிடம் காட்டுவதற்கு. அந்த அறிக்கைகளை எழுதுகிறவன் என்ற உரிமையில்தான் இந்த மடல். உங்கள் படிவத்தில் 'சேதத்தின் காரணம்' என்று ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குள் அடங்காததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் பாலிசியிலிருந்தே தொடங்கலாம். கட்டடத்துக்கு ஹவுஸ்ஓனர், வீட்டுச் சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர். வீட்டுக்கடனோடு வந்த கட்டடக் காப்புறுதியை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதற்கும் அதுவே போதும் என்று இருப்பவர்கள் ஏராளம். கொண்டோவில் நிர்வாகம் எடுக்கும் மாஸ்டர் பாலிசி தன் ஸ்பீக்கரையும் காக்கும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைக் கடையிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது ஒழுங்காக ஹவுஸ்ஹோல்டர் எடுத்து, ஆண்டு தவறாமல் சந்தா கட்டி, அதற்குப் பிறகும் அலைகிறவர்களைப் பற்றி.

நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் ஹவுஸ்ஹோல்டர் வாசகத்தில் ஒரு விதி உண்டு. தனியே குறிப்பிட்டுக் காப்புறுதி செய்யாத எந்த ஒரு பொருளின் மதிப்பும் மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டியதாகக் கொள்ளப்படாது. 50,000 ரிங்கிட்டுக்கு எடுத்திருந்தால் ஒரு பொருளுக்கு 2,500. சரி. ஆனால் அதே வாக்கியத்தில் அடைப்புக்குறி போட்டு ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கிறது: மரச்சாமான், வீட்டு மின்சாதனம், பியானோ, வானொலி, தொலைக்காட்சி, ஹை-ஃபை, இவை போன்றவை. ஹை-ஃபை என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, 5 விழுக்காட்டுக்கு மேல் தர இயலாது என்று கடிதம் வந்தது. அவருடைய பாலிசியைப் புரட்டி அந்த அடைப்புக்குறியைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அடுத்த கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை, மன்னிப்பும் இல்லை. உங்கள் வாசகத்தை உங்களுக்கே ஒரு மெக்கானிக் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

அந்த வாதம் எடுபடாமல் போனதும் அடுத்து வருவது தேய்மானம். என் உண்மையான சண்டை இதோடுதான்.

மாரன்ட்ஸ் 2270 என்று ஒரு ரிசீவர், அதாவது ஆம்ப்ளிஃபையரும் வானொலியும் ஒரே பெட்டியில். 1971 முதல் 1975 வரை வந்தது. சேனலுக்கு 70 வாட். அலுமினிய முகப்பு, டயலில் நீல வெளிச்சம். உங்கள் மதிப்பீட்டாளர் அதை எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்: மின்சாதனம், ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு கழிவு, பத்தாண்டு தாண்டினால் கையில் மிஞ்சுவது ஒரு ரைஸ் குக்கர் விலை. ஆனால் நன்றாக ஓடும் ஒன்றை இன்றைக்கு வாங்கிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 டர்ன்டேபிள் 1972இல் வந்தது, 2010இல் உற்பத்தி நின்றது, 2016இல் திரும்பவும் வந்தது. வந்தபோது அதன் விலை பழையதைப்போலப் பல மடங்கு. அந்தப் பழைய டர்ன்டேபிள் தீயில் கருகிப்போனால் 'வயது முப்பது, ஆகவே மதிப்பில்லை' என்பது எந்த ஊர்க் கணக்கு?

இழப்பீடு என்றால் நட்டத்துக்கு முதல் நாள் ஒருவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவருவது. லாபம் பார்க்கக் கூடாது, நட்டப்படவும் கூடாது. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயதுக் கழிவு என்பது பழைய பொருளுக்குச் சந்தை விலை கிடைக்காத இடத்தில் போடும் மதிப்பீடு. ஹை-ஃபைக்குச் சந்தை இருக்கிறதே! பழைய செட் விற்கும் கடைகள் இருக்கின்றன, இணையத்தில் விற்பனை இருக்கிறது, வாரக்கடைசியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலுக்குப் போனால் இசைத்தட்டுகளோடு பழைய சாமான்களும் பரப்பிவைத்திருப்பார்கள். அதே மாடல், அதே நிலை, இன்றைய விலை. மூன்று விலை விசாரித்து நடுவிலையைக் கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்பது அவ்வளவுதான்.

எல்லாப் பழைய செட்டும் தங்கம் என்று நான் சொல்லவில்லை. 1990களில் வந்த பிளாஸ்டிக் மினி காம்போக்களுக்கு உங்கள் அட்டவணையே தாராளம்.

அடுத்தது ஜோடி. செந்தூலில் ஓர் அடுக்குமாடியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். மேல்வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்து, சுவரோரம் வழிந்து, இடப்பக்க ஸ்பீக்கருக்குள் இறங்கிவிட்டது. அடிப்பலகை ஊறிப் பொரிபோல உப்பிவிட்டது. காகிதக் கூம்பு அலையலையாகச் சுருங்கி, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) நகரும் காந்த இடுக்கில் துரு ஏறி, கையால் மெல்ல அழுத்தினால் கரகரவென்று உரசியது. வலப்பக்கம் ஒரு சொட்டு நனையவில்லை. நிறுவனம் கணக்குப் போட்டது: ஒன்றுதான் கெட்டது, ஆகவே ஜோடி விலையில் பாதி. "தம்பி, ஒத்த ஸ்பீக்கரை யாருப்பா விப்பாங்க?" என்று கேட்டார் சார். நியாயமான கேள்வி. ஸ்டீரியோ என்பதே இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பது. டிரைவர்களை, அதாவது உள்ளே ஒலி எழுப்பும் கூம்புகளை, அளந்து ஜோடி சேர்த்துத்தான் நல்ல கம்பெனிகள் பெட்டியில் வைக்கின்றன. உற்பத்தி நின்ற மாடலில் ஒற்றை கிடைக்காது. கிடைத்தாலும் ஒலி ஒத்துப்போகாது. ஜோடியை ஜோடியாகவே பாருங்கள். நனையாத பெட்டியை நீங்களே எடுத்துக்கொண்டு முழு விலை கொடுங்கள், அதற்கும் அவர் சம்மதித்தார்.

அவர் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. 'இது குழாய் வெடிப்பல்ல, நாள்பட்ட கசிவு' என்று முதலில் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். கொண்டோ, அடுக்குமாடிகளில் இதை ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கட்டட) பராமரிப்பு விதிகளின்படி, மாடிகளுக்கிடையே கசிவு என்று புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், காரணத்தைக் குறிப்பிட்டு 28ஆம் படிவத்தில் ஆய்வுச் சான்றிதழ் தர வேண்டும். அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு வாதாடுங்கள்.

இனி இடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் பாதி நாளுக்கு மேல் இடி முழங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு தீபாவளியை ஒட்டியும் மாலை மூன்று மணிக்குமேல் வானம் இருண்டால் நான் கடையிலுள்ள பிளக்குகளைப் பிடுங்கிவிடுவேன். மின்னல் உங்கள் பாலிசியில் தீக்கு அடுத்தபடியாகவே எழுதியிருக்கும் ஆபத்து. ஆனாலும் 'வயதான கருவி, தானாகவே கெட்டிருக்கும்' என்று எழுதுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

தானாகக் கெட்டதற்கும் இடியால் கெட்டதற்கும் உள்ள வித்தியாசம் மூடியைத் திறந்தாலே தெரியும். வயதானால் கண்டென்சரின் (மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் சிறு உருளை) தலை உப்பும், அடியில் பழுப்புநிறப் பிசுபிசுப்பு இருக்கும், மாதக்கணக்காக உர்ரென்று இரைச்சல் கொடுத்திருக்கும். சுமை கூடிப் போன ஃபியூஸில் கம்பி நடுவில் அறுந்து கண்ணாடி தெளிவாகவே நிற்கும். இடி இறங்கிய ஃபியூஸோ உள்ளே கருத்து, வெள்ளிப்பூச்சு பூசியதுபோல் மினுங்கும். திடீர் மின் அழுத்தத்தைத் தாங்க வைத்த வேரிஸ்டர் இரண்டாகப் பிளந்திருக்கும். போர்டில் செம்புத் தடம் ஆவியாகி, இருந்த இடத்தில் ஒரு கரிக்கோடு மட்டும் கிடக்கும். ஒரு டியூனரில் மின்சாரப் பகுதி சுத்தமாக இருந்து ஆன்டெனா நுழையும் இடம் மட்டும் கருகியிருந்தால், மின்னல் கூரை வழியாக வந்தது என்று அதுவே சாட்சி சொல்கிறது. படம் எடுத்து, எந்தப் பாகம் என்று எழுதித்தான் அனுப்புகிறேன். இடி விழாத வாரத்தில் இடி விழுந்ததாக எழுதித் தரச் சொல்கிறவர்களும் வருகிறார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். ஆகவே நான் 'மின்னல்' என்று எழுதினால் அதைக் கொஞ்சம் நம்பலாம்.

சில பாலிசிகளில் மின் அழுத்தக் கூடுதல், ஷார்ட் சர்க்கியூட், மின்கசிவு ஆகியவற்றால் மின்கருவிக்கு வரும் சேதத்தை விலக்கும் விதி இருக்கிறது. நியூட்ரல் கம்பி அறுந்து 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் பக்கம் ஏறினால், தெருவில் பாதி வீட்டு சாமான் போய்விடும்; இந்த விதியால் காப்புறுதியும் போய்விடும். விதி இருப்பது உங்கள் விருப்பம். அதைப் பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் வைக்காமல், கூடுதல் சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்ளலாமா என்பதையும் சேர்த்து முதல் பக்கத்தில் சொல்லுங்கள்.

ரசீது கேட்கிறீர்கள். அப்பா ஜப்பானிலிருந்து கப்பலில் கொண்டுவந்த 100 வோல்ட் செட்டுக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள்? சீரியல் நம்பர், வீட்டில் எடுத்த பழைய படம், என் கடையின் சர்வீஸ் சீட்டு, இவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். அறிக்கைக்கு நான் வாங்கும் கட்டணத்தையும் இழப்பீட்டில் சேருங்கள். அறிக்கை கேட்டது நீங்கள்.

தீக்காப்புறுதியின் கட்டண விகிதம் 2016 ஜூலையிலிருந்து படிப்படியாகத் தளர்த்தப்பட்டு வருகிறது. புதுப் பாலிசி வடிவமைக்கும் சுதந்திரம் உங்களுக்கு முன்னைவிட அதிகம். கைப்பேசிக்கும் நாய்க்குட்டிக்கும் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, ஒப்புக்கொண்ட மதிப்பில் ஒரு ஹை-ஃபை இணைப்பு எழுதுவது பெரிய காரியமல்ல. என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து விலை எழுதித் தருகிறோம். நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள், அவரும் ஒப்புக்கொள்ளட்டும், சேதம் வந்த பிறகு பேரம் வேண்டாம்.

அதுவரைக்கும் என் பக்கத்திலிருந்து ஓர் ஏற்பாடு. 2025 ஜனவரி 1 முதல் நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மேன் சேவை செயல்படுகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதித் தகராறுகளைக் கட்டணமின்றி விசாரிக்கிறது. உங்கள் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். இனி நான் கொடுக்கும் ஒவ்வோர் அறிக்கையோடும், இதைத் தமிழில் எழுதிய ஒரு துண்டுத்தாளையும் இணைத்தே வாடிக்கையாளரிடம் கொடுக்கப்போகிறேன். உங்கள் மதிப்பீட்டாளர்கள் எப்போது வந்தாலும் கருவியைத் திறந்து காட்டத் தயார். மழை நாளில் மட்டும் போன் செய்துவிட்டு வாருங்கள், அன்றைக்குக் கூட்டம் அதிகம்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் ஒரு ஹை-ஃபை மெக்கானிக்