தாத்தாவின் ஓட்டு

ஐயா,

அமெரிக்க வாக்குரிமை பற்றிய கட்டுரையில், 1870-இல் அந்நாட்டு அரசியலமைப்பில் வந்த 15-வது திருத்தத்தோடு கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு கிடைத்துவிட்டது போல எழுதியிருந்தது. நடந்த கதை வேறு. லூசியானா என்ற தென் மாநிலத்தை மட்டும் பாருங்கள். வாக்காளராகப் பதிய எழுத்தறிவோ சொத்தோ வேண்டும் என்று 1898-இல் விதி போட்டார்கள். அப்படியானால் படிக்காத ஏழை வெள்ளையர்? 1867 ஜனவரி 1-லோ அதற்கு முன்போ அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டுரிமை இருந்திருந்தால் விலக்கு! அடிமையாகக் கிடந்தவரின் பேரன் அந்தத் தாத்தாவுக்கு எங்கே போவான்? 1896-இல் சுமார் 1,30,000 பேராக இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1900-இல் ஐயாயிரத்துச் சொச்சம் ஆனார்கள்.

1964-இல்கூட அங்கே ஒரு ‘எழுத்தறிவுத் தேர்வு’ புழங்கியது. 30 கேள்வி, 10 நிமிடம், ஒன்று தவறினாலும் தோல்வி. முதல் கேள்வியே, இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றி ஒரு கோடு போடு என்பது. வட்டம் போட்டால் சரியா, கட்டம் போட்டால் சரியா? அது திருத்துகிறவர் இஷ்டம். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான்; எனக்கே தலை சுற்றியது.

1965-இல் வந்த வாக்குரிமைச் சட்டம்தான் இந்தத் தேர்வுகளுக்கு முடிவு கட்டியது. அதன் முக்கியப் பிரிவு ஒன்றை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்