விலா எலும்பை எண்ணிப் பார்

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். மூன்று நாளாக விடாத மழை. வெண்ணாற்றில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. கீழ்வயலில் சம்பா நாற்று முழுக்க முங்கிக் கிடக்கிறது. அப்பா மட்டும் பதறவில்லை. "சி.ஆர். 1009 சப்-1 தானே போட்டிருக்கேன், இரண்டு வாரம் வரைக்கும் தண்ணிக்குள்ளே தாங்கும்" என்று திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி என்று கூப்பிட்டபோது, நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவனுக்கு வகுப்பா என்று முனகிக்கொண்டே போனவர் இவர்தான். அங்கே கேட்டு வந்த ரகம்தான் இது.

போன வாரம் நீ போனில் சொன்னது எனக்கு மனசில் நின்றுவிட்டது. "நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க, வகுப்புக்குப் போன மணிக்கணக்கு காட்டணும்மா. போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டு வரணும். இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போச்சு" என்றாய். பதில் சொல்வதற்குள் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அலுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. இரவு டூட்டி முடித்துவிட்டு நேரே வகுப்பில் போய் உட்கார்ந்தால் கண் தானாகச் செருகும். லீவு கிடையாது, பணமும் கையிலிருந்து கட்ட வேண்டும் என்கிறாய். இதெல்லாம் நியாயமான வருத்தம். ஆனால் ஐந்து வருஷத்துக்கு 150 மணி நேரம் என்பதைக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் வருகிறது. அந்த இரண்டரை மணி நேரத்தைக் கையெழுத்துக்காக மட்டும் செலவழிக்காதே என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஆறு வருஷம் முன்னால் ஈ.சி.ஜி. பயிற்சி என்று ஒரு நாள் அனுப்பினார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கில் ஈ.சி.ஜி. எடுத்த கை என்னுடையது. கண்ணை மூடிக்கொண்டே சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால் என்று ஒயரை மாட்டிவிடுவேன். எனக்கு இதில் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

பயிற்சி கொடுத்த அம்மா பாடமே நடத்தவில்லை. இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவருக்கு ஒருவர் நெஞ்சில் ஒயர் ஒட்டுகிற வி1, வி2 என்ற இடங்கள் எங்கே வரும் என்று பேனாவால் புள்ளி வைக்கச் சொன்னார். நான் சட்டென்று வைத்துவிட்டேன். அவர் என் விரலைப் பிடித்துக் கழுத்துக் குழியில் வைத்தார். "மெதுவா இறக்குங்க சிஸ்டர். நெஞ்செலும்பில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அதை விடாதீங்க" என்றார். தட்டுப்பட்டது. அந்த மேட்டை ஒட்டி வருவது இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால் நாலாவது இடைவெளி. நெஞ்செலும்புக்கு வலது பக்கம் வி1, இடது பக்கம் வி2. என் புள்ளி அதற்கு மேலே, இரண்டாவது இடைவெளியில் நின்றுகொண்டிருந்தது.

அவர் அதோடு விடவில்லை. எனக்கு ஜோடியாக இருந்த பெண்ணுக்கு நான் வைத்த இடத்தில் ஒரு தடவை, சரியான இடத்தில் ஒரு தடவை ஈ.சி.ஜி. எடுத்து இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் காகிதத்தில் வி1, வி2-வில் கோட்டில் மேலே எழுகிற ஆர் அலை குட்டியாகி, அதற்குப் பின்னால் வருகிற டி அலை தலைகீழாகக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்குப் பழைய அட்டாக் வந்துபோன இதயமோ என்று சந்தேகம் வரும். அந்தப் பெண்ணுக்கு 24 வயசு, எந்த நோயும் கிடையாது.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடவுக்குப் போன இடத்தில் நெஞ்சு கரிக்கிறது என்று சேற்றுக் காலோடு வந்த ஒரு ஆயா ஞாபகத்துக்கு வந்தார். ஜாக்கெட்டைத் தளர்த்தக் கூச்சப்பட்டார். வார்டில் மறைப்பு எதுவும் கிடையாது. நானும் அவசரத்தில் மேலோட்டமாக, மார்புக்கு மேலேயே ஒயரின் ரப்பர் பல்பை ஒட்டி எடுத்துவிட்டேன். காகிதத்தைப் பார்த்த டாக்டர் உடனே தஞ்சாவூருக்கு அனுப்பச் சொன்னார். அந்த ஆயா கூலிப் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு மகனிடம் கடன் கேட்கச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு நிஜமாகவே இதயத்தில் கோளாறு இருந்ததா, இல்லை என் கை போட்ட கோளாறா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது, பாப்பா. இருபது வருஷத்தில் அப்படி எத்தனை காகிதம் என்று யோசித்தால் தூக்கம் போய்விடும். யாரும் என்னைத் திட்டவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை. தப்பு பழகிப்போனால் அது நமக்கே சரியாகத் தெரியும். வெளியிலிருந்து ஒருத்தர் விரலைப் பிடித்துக் காட்டினால்தான் உண்டு.

திரும்பி வந்ததும் இரண்டு பழைய புடவையை நாடாவில் கோத்து ஈ.சி.ஜி. கட்டிலைச் சுற்றித் திரை கட்டினேன். பெண்களுக்கு மார்பைக் கொஞ்சம் தூக்கி அதன் அடியில்தான் வி4 வைக்க வேண்டும் என்று புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாடியை அரை நிமிஷம் பார்த்து இரண்டால் பெருக்குகிற பழக்கத்தையும் விட்டேன். தாறுமாறாக அடிக்கிற நாடிக்கு முழு நிமிஷமும் பார்க்க வேண்டும்.

அப்புறம், நீயே செய்ததை மறந்துவிட்டாயா? மேலத்தெரு அத்தைக்குச் சின்ன வயசில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கி, துடிப்பும் தாறுமாறாகிவிட்டது. ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். மாதம் தவறாமல், ரத்தம் உறைகிற வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்க பஸ் ஏறிப் போக வேண்டும். யாரோ ஒரு சொந்தக்காரர், ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறது, மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார். அத்தை கிட்டத்தட்ட மாற்றியே விட்டார். நீதான் போனில் தடுத்தாய். இப்படி வால்வு சுருங்கினவர்களுக்கு எந்த மாத்திரை மேல் என்று பல நாடுகள் சேர்ந்து பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது, புது மாத்திரையைவிடப் பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது, டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது என்றாய். எங்கே கேட்டாய் என்றேன். "ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்லே சொன்னாங்கம்மா" என்றாய். டாக்டரும் அதையேதான் சொன்னார். அத்தை இப்போது, அந்த மாத்திரையின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் என்பதற்காகக் கீரையையும் அடியோடு நிறுத்தாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

உன் வேலை என் வேலையைப் போல இல்லை. எங்கள் காலத்தில் ஒரு மெஷின் வந்தால் அது துருப்பிடிக்கும் வரைக்கும் அதே மெஷின்தான். இதயத் துடிப்பைப் பார்க்கிற உன் துறை அப்படி நிற்கிறதா? 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக ஒருவருக்கு உடம்புக்குள் பேஸ்மேக்கர், அதாவது இதயத்தைத் துடிக்க வைக்கிற மெஷின், வைத்தபோது அது சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டதாம். அவருக்கு அதற்கப்புறம் இருபதுக்கு மேல் மாற்றி மாற்றி வைத்து, அதைச் செய்த பொறியாளரும் வைத்த டாக்டரும் காலமான பிறகும் உயிரோடிருந்து 2001-ல்தான் இறந்தார். ஒரே ஆளின் ஆயுசுக்குள் அத்தனை மாறுதல். இப்போது ஒயரே இல்லாமல் இதயத்துக்குள்ளேயே உட்காருகிற பேஸ்மேக்கர் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். தப்பான துடிப்பைக் கிளப்புகிற இடத்தைச் சூடு வைத்து அழித்த அப்லேஷனை இப்போது மின்துடிப்பு கொடுத்தும் செய்கிறார்கள் என்றும் சொன்னாய். அப்படியானால் நர்சிங் காலேஜில் படித்ததை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

இன்னொன்று. உன்னோடு வேலை பார்க்கிற டெக்னாலஜிஸ்ட் தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. அவர் திரையில் இருக்கிற கோட்டைப் பார்ப்பார், நீ கட்டிலில் இருக்கிற முகத்தைப் பார்ப்பாய். இரண்டு பேரும் தனித்தனி வகுப்பில் படித்தால், அவசர நேரத்தில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குப் புரியாது. மானிட்டர் கத்திக் கத்திக் காது மரத்துவிடுகிறது என்றாயே, எந்தச் சத்தத்துக்கு என்ன எல்லை வைப்பது என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவு பண்ண வேண்டும். வகுப்புக்குப் போகும்போது உங்களுக்குப் பிடிபடாமல் போன ஒரு நோயாளியின் காகிதத்தைப் பெயரை மறைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் காட்டிக் கேளுங்கள். தூக்கம் வராது.

நீ தயங்கிக்கொண்டிருக்கிற இதயத் துடிப்புத் துறைக்கான அந்த ஐ.பி.எச்.ஆர்.இ. தேர்வையும் எழுது. நர்ஸும் டெக்னாலஜிஸ்ட்டும் எழுதக்கூடிய தேர்வுதானே அது. இங்கிலீஷ் பயம் உனக்கு வேண்டாம், நாள் முழுக்க அந்த வார்த்தைகளில்தான் வேலை பார்க்கிறாய். கட்டணத்துக்குக் கவலைப்படாதே. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் வந்துவிட்டது. அப்பாவே உனக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

சரி, இப்போது எனக்கு ஒரு சந்தேகம். பெரியப்பாவுக்குத் தை மாதம் குடலிறக்க ஆபரேஷன் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அவர் நெஞ்சில் ஒரு மெஷின் இருக்கிறது. அது பேஸ்மேக்கரா, ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுக்கிற ஐ.சி.டி.யா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆபரேஷனில் கரண்டு வைத்து ரத்தத்தை நிறுத்தும்போது மெஷின் குழம்பிவிடும், அதனால் மேலே காந்தம் வைப்பார்கள் என்று மட்டும் எனக்கு ஞாபகம். பேஸ்மேக்கரில் காந்தம் வைத்தால் அது இதயத்தின் சொந்தத் துடிப்புக்குக் காத்திராமல் ஒரே வேகத்தில் துடிக்க வைக்கும், ஐ.சி.டி.யில் வைத்தால் ஷாக் மட்டும் நிற்கும், துடிக்க வைக்கிற வேலை மாறாது என்று நீ ஒரு தடவை சொன்னாய். சரியாகத்தான் பிடித்துக்கொண்டேனா? இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதைக் கேட்டுக்கொண்டு வா. மெஷின் கம்பெனி கொடுத்த அட்டையைப் பெரியம்மா பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் அவரை எங்கே கூட்டிப்போய் மெஷினைச் சோதிக்க வேண்டும் என்றும் எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா