பின்கோடு மட்டுமாவது

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இதை எழுதும்போது உன் பூனை மணி என் காலடியில்தான் கிடக்கிறான். சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டான், மோஷனும் சரியாகப் போனான். தொடை இடுக்கில் இருந்த சிவப்பு குறைந்திருக்கிறது. நீ சொன்னபடி கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்துவிட்டுத்தான் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறேன்.

உனக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. முறுக்கு, பருப்புப்பொடி, உன் பழைய ஸ்வெட்டர். முறுக்கு மாவாகிவிட்டது, அது கிடக்கட்டும். மேலே சிவப்பு மையில் ‘லெஃப்ட்’ என்று எழுதியிருந்தது. முப்பத்தோரு வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்ட்’. வாங்க மாட்டேன் என்றால் ‘ரெஃப்யூஸ்ட்’. ‘லெஃப்ட்’ என்றால் வேறு யாரோ கதவைத் திறந்து, அவங்க காலி பண்ணிட்டாங்களே என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஸ்பீடு போஸ்ட்தான். ரெஜிஸ்டர் தபாலையே அதோடு சேர்த்துவிட்டார்கள், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

போனில் கேட்டிருக்கலாம். நீயும் நாள் தவறாமல் ‘மணி எப்படி இருக்கான்’ என்று கேட்கிறாய், நானும் போட்டோ அனுப்புகிறேன். நாலு மாசமாக நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்வது அவனுடைய மூத்திரத்தைப் பற்றி மட்டும்தான். மஞ்சளா, கலங்கலா, வாடை வருதா. நானும் தெளிவா இருக்கு என்று பதில் போடுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் கட்டைவிரல் பொம்மை வருகிறது.

வீட்டுக்காரர் பூனைகளைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பிராணி வளர்க்கக் கூடாது என்று எந்தச் சங்கமும் தடை போட முடியாது, 2015லேயே விலங்குகள் நல வாரியம் சொல்லிவிட்டது என்று நீதான் எனக்குப் பாடம் நடத்தினாய். சரி. ஆனால் பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்ததும் ஒருத்தியைப் போகச் சொல்ல எந்தக் காரணமும் வேண்டியதில்லையே, பாப்பா.

நானே ஒரு நடை வந்து பார்த்துவிடலாம் என்று பல்லவன் ரயிலில் டிக்கெட் தேடினேன். காலையில் ஏறி, மத்தியானம் இறங்கி, அன்றைக்கே திரும்பினாலும் மணிக்கு நடுவில் ஒரு வேளை போய்விடும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றை அழுத்தி மூத்திரத்தை எடுக்காவிட்டால் உள்ளே தேங்கிக் கிருமி பிடித்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அவனுக்கு அந்த இடம் பிடிபடாது. எனக்கே பத்து நாள் ஆயிற்றே.

முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ வீடியோவில் கத்துகிறாய், ‘எலுமிச்சம்பழம் மாதிரி கைக்குத் தட்டுப்படும்பா, பிழியாதீங்க, மெதுவா வால் பக்கமா அழுத்துங்க’ என்று. எனக்கு வயிறு முழுக்க ஒரே கொழகொழவென்று இருக்கிறது, பழமும் இல்லை ஒன்றும் இல்லை. அவன் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். இப்போது கண்ணை மூடிக்கொண்டே எடுப்பேன். இடது கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு, வலது கை கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரண்டு பக்கமும் போனால், அந்த உருண்டை தானாக வந்து உட்காரும். அழுத்தினால் முதலில் ஒன்றும் வராது. ஒரு மூச்சு பொறுத்தால் தாரையாக வரும். உருண்டை சப்பையாகும்போது விட்டுவிட வேண்டும். பின்னங்கால் இரண்டும் செத்துப்போன ஜீவன், வேலை முடிந்ததும் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு சிவப்புத் தரையில் சர்ரென்று இழுத்துக்கொண்டு போகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்! வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த அன்று, ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாமே. அவரை ஒரு நாள் இங்கே அழைத்து வந்து காட்ட வேண்டும்.

மணி என்று நாய்க்குத்தான் பேர் வைப்பார்கள் என்று மீன்காரம்மா இன்னும் சிரிக்கிறாள். மணியார்டர் என்கிற முழுப் பேரை நான் சொல்லவில்லை. சொன்னால் உன்னையும் சேர்த்துச் சிரிப்பாள். ஆமாம், மீன்தான். கொல்லையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகவைத்து, முள் எடுத்து, நீ வாங்கிப் போட்ட தீவனத்தோடு பிசைகிறேன். உன் பாட்டி இருந்திருந்தால் வீட்டையே இடித்துக் கட்டச் சொல்லியிருப்பாள். தயிர்சாதம் மட்டும் போட்டால் டாரின் என்ற சத்து இல்லாமல் பூனைக்குக் கண் போய்விடும், இருதயம் வீங்கும் என்று நீ சொன்ன பிறகு எனக்கு வேறு வழி இல்லை. நீயும் மூன்று வேளை தயிர்சாதத்திலேயே ஓட்டாதே. வேளைக்குச் சாப்பிடு.

வளையல் விஷயத்தை நான் கேட்கப் போவதில்லை. அம்மா உனக்குக் கொடுத்தது, உன்னுடையது. அந்த ஆரஞ்சுக் குட்டிக்கு எஃப்.ஐ.பி. என்ற நோய், 84 நாள் மருந்து என்று நீ சொன்னபோது, எடை ஏற ஏற மருந்தின் அளவும் ஏறும் என்றாய். குட்டி தேறினால் செலவும் கூடும் என்ற கணக்கு எனக்கு அன்று சிரிப்பாக இருந்தது. ‘ஒரு பூனைக்கா இவ்வளவு?’ என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். சில வருஷம் முன்பு வரை அந்த நோய் வந்தால் பிழைப்பதே இல்லை என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அது பிழைத்து, அதற்கப்புறம் இன்னொரு 84 நாள் பொறுத்துப் பார்த்து, தாம்பரத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்து, அது ஜன்னலில் வெயில் காய்கிற போட்டோவை எனக்கு அனுப்பினாய். நானும் கட்டைவிரல் பொம்மைதான் போட்டேன். ஒரு வரி எழுதியிருக்கலாம். உன் அத்தையிடம் மட்டும் அந்தப் போட்டோவை மூன்று தடவை காட்டினேன்.

வளையல் பற்றிக் கேட்கவில்லை. கடன் ஏதாவது இருந்தால் மட்டும் சொல். பென்ஷனில் எனக்கென்ன பெரிய செலவு, மீன் தவிர.

மணியைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். தில்லை நகர் தம்பதி. முகத்தைப் பார்த்ததும் அந்தம்மா மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சினாள். பத்து மணி வேளை வந்தது, நான் அவர்கள் எதிரிலேயே எடுத்துக் காட்டினேன். ‘ஐயோ பாவம்’ என்றாள். பாவம் என்று சொன்னவர்கள் யாரும் திரும்ப வந்ததில்லை என்று நீ சொல்வாயே, சரிதான். இன்னொருவர் கடையில் எலி பிடிக்க வேண்டும் என்று வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். போனில் கேட்கிற மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பெர்ஷியன்தான் வேண்டும்.

அதனால் நானே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பூனையைத் தத்துக் கேட்கிற எல்லாருக்கும் நீ அனுப்புகிற அந்தப் படிவத்தைக் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தற்காலிகமாக வைத்திருப்பவன் வேறு, சொந்தமாக்கிக்கொள்பவன் வேறு என்பது உன் சட்டம்தானே. அப்பன் என்பதற்காகச் சலுகை வேண்டாம். வீடு சொந்தமா? ஆம். ஜன்னலுக்கு வலை உண்டா? கொசுவலை போதாது என்றாய், கம்பிவலையே அடித்துவிட்டேன். நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார்கள்? நான் எங்கும் போவதில்லை. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் தெருவில் விடாமல் எங்களிடமே திருப்பித் தருவீர்களா? ஆம்.

ஏழாவது கேள்வி. இதற்கு முன் வளர்த்த பிராணிக்கு என்ன ஆயிற்று?

‘ஓடிப்போய்விட்டது’ என்று எழுதினேன். எழுதி, அடித்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு ஓடிப்போயிடுச்சு என்று எழுதுகிறவர்களுக்கு நான் பூனை கொடுப்பதே இல்லை அப்பா என்று நீ ஒரு நாள் சொன்னாய். அன்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் கை கழுவ எழுந்து போனேன். நீ கவனித்தாயா என்று தெரியாது.

சாம்பு ஓடிப்போகவில்லை, கண்ணு.

2004 மார்கழி. நீ எட்டாவது படித்தாய், அரைப்பரீட்சை. அம்மாவுக்கு அந்த வருஷம் இழுப்பு அதிகம். பூனை முடிதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உன்னிடம் சொன்னால் விடமாட்டாய். நீ தூங்கினதும் அரிசிச் சாக்கில் போட்டு, டிவிஎஸ் 50 முன்னால் வைத்துக்கொண்டு போய், மாம்பழச்சாலையில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் நீ தட்டில் ஸ்பூனால் தட்டிக்கொண்டு உத்திர வீதி, சித்திரை வீதி என்று டார்ச்சோடு சுற்றினாய். கூட நானும் வந்தேன். டார்ச்சைப் பிடித்ததே நான்தான்.

இதுவரை எழுதியது அம்மாவுக்குத் தெரியும். அம்மா, சாக்கு எங்கே என்று கேட்டாள். எலி கடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். பூனை இருந்த வீட்டில் ஏது எலி என்று அவள் கேட்கவில்லை.

இனி எழுதுவது அவளுக்கும் தெரியாது. ஆறாவது ராத்திரி அது திரும்பி வந்துவிட்டது. இரண்டரை மணி இருக்கும், வாசல் கதவைப் பிறாண்டுகிற சத்தம். திறந்தேன். ஒரு காதில் ரத்தம் காய்ந்து, ஒட்டிப்போன வயிறோடு நின்றது. உள்ளே வந்து நேராக உன் பாய் பக்கம் போனது. நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். உன்னை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பால் வைத்தேன். அது குடித்துக்கொண்டிருக்கும்போது என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? தீவுக்குள்ளேயே விட்டதுதான் தப்பு, ஆற்றைத் தாண்டியிருக்க வேண்டும். அப்படியே செய்தேன். கொள்ளிடம் பாலத்தில் ஏறி, டோல்கேட்டைத் தாண்டி, ஒரு டீக்கடைக்குப் பின்னால். இந்தத் தடவை அது சாக்குக்குள் கத்தவே இல்லை. திரும்பி வரும்போது மார்கழி பஜனைக்காரர்கள் எதிரே வந்தார்கள், எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

ஏழாவது நாளும் நீ தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். பதினோராவது நாள் வரை. கணக்குப் பரீட்சையில் நீ வாங்கிய மார்க்குக்கு உன்னை அடித்தேனே, அதுவும் அந்த வாரம்தான்.

அம்மாவின் இழுப்பு அது போன பிறகும் நிற்கவில்லை. கொசுவர்த்தி கொளுத்துவதை விட்ட பிறகுதான் குறைந்தது. அந்தப் பழைய பாலத்தின் தூண்கள் 2018 வெள்ளத்தில் இடிந்தபோது ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

என் சர்வீஸில் ஒரு கார்டைக்கூடக் கால்வாயில் போட்டதில்லை பாப்பா. மழைக்காலத்தில் பையை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்திருக்கிறேன். விலாசம் பாதி அழிந்த கடிதத்தைக்கூட நாலு தெரு விசாரித்துச் சேர்த்திருக்கிறேன். அதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன், நீயும் கேட்டிருக்கிறாய்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவதில் இடம் போதாததால் ‘கடிதம் பார்க்க’ என்று எழுதியிருக்கிறேன். இப்படிப்பட்டவனுக்கு மணியைக் கொடுப்பாயா மாட்டாயா என்பது உன் முடிவு. மாட்டேன் என்றால், வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதில் மாற்றமில்லை.

அம்மா திதி வருகிற 19ஆம் தேதி. வர முடிந்தால் வா, இருக்கிற குட்டிகளையும் கொண்டு வா. மாடி அறையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவி விட்டிருக்கிறேன், பார்வோ கிருமி பினாயிலுக்குச் சாகாது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. பதினான்கு நாள் தனியாக வைக்க வேண்டுமென்றாலும் வைக்கலாம். உனக்குத் தலைவலி என்றால் மாத்திரையைக் கீழே சிந்தாதே, பாரசிட்டமால் பூனைக்கு விஷம். உனக்குத் தெரியும், நான் சும்மா எழுதுகிறேன்.

கோபமாக இருந்தால் கடிதம் எழுத வேண்டாம். விலாசமும் எழுத வேண்டாம். பின்கோடு மட்டுமாவது அனுப்பு, ஆறு எண், வாட்ஸாப்பில் போட்டால் போதும். 6இல் ஆரம்பித்தால் தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். கேரளாவும் 6தான், ஆனால் நீ கேரளா போயிருக்க மாட்டாய். மீதி ஐந்து எண்ணை வைத்துத் தெரு வரைக்கும் கண்டுபிடிக்கிற ஆள் நான் என்று உனக்குத் தெரியும். தேடிக்கொண்டு வரமாட்டேன். முறுக்கு புதிதாகப் போட்டு அனுப்பத்தான்.

வேளைக்குச் சாப்பிடு. பத்து மணி ஆகிவிட்டது, மணி என் வேட்டியைப் பிறாண்டுகிறான்.

உன்
அப்பா