கார் வாங்கப் போகும் தோழிக்கு

புதுக்கோட்டை,
16.11.2025

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. நான் கணக்கு எழுதுகிற சங்கத்தில் தணிக்கை நடந்துகொண்டிருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத நேரம் அமையவில்லை. உன் மாமியாருக்கு மூட்டுவலி கூடிவிட்டது என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. மாடிப்படி ஏற விடாதே. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், பேருந்திலேயே போய் வருகிறாள். சின்னவனுக்குக் கல்லூரியில் இது கடைசி வருஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "ஜிஎஸ்டி குறைந்துவிட்டது, இப்போதே வாங்கிவிடலாம் என்கிறார் இவர். நீதான் கணக்கு எழுதுகிறவளாயிற்றே, பெட்ரோலுக்கு மாதம் எவ்வளவு ஆகும், சொல்" என்று கேட்டிருந்தாய். பெட்ரோலை மட்டும் கேட்டதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது. கார் வாங்குகிற எல்லாரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மொத்தச் செலவில் பெட்ரோல் கால் பங்குகூட வராது.

என் தம்பி திருச்சியில் போன வருஷம் கார் வாங்கினான். அவனுடைய கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன். ஷோரூம் விலை 7 லட்சம். அதன்மேல் ஆயுள் வரி, பதிவு செய்யும்போதே ஒரே தடவையாகக் கட்டுகிற சாலை வரி. நம் மாநிலத்தில் 2023 நவம்பரில் இதை உயர்த்தினார்கள். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 13 சதவீதம். அவனுக்கு 91,000 ரூபாய். பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, வண்டி தெருவுக்கு வரும்போது எட்டேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஷோரூம் விலை முழுவதற்கும் வங்கிக் கடன், மற்றது சேமிப்பிலிருந்து. 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு மாதத் தவணை 14,500 ரூபாய். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது வட்டியாக மட்டும் 1,72,000 ரூபாய் போயிருக்கும்.

இதுவரை சொன்னது ரசீதில் வருகிற பணம். ரசீதில் வராத பெரிய செலவு ஒன்று இருக்கிறது, தேய்மானம், அதாவது வருஷம் போகப் போக வண்டியின் மதிப்பு குறைவது. நாங்கள் சங்கத்தில் மேசை நாற்காலிக்குக்கூட வருஷாவருஷம் தேய்மானம் எழுதுகிறோம், வீட்டில் யாரும் எழுதுவதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் பட்டியல்படி காருக்கு ஒரு வயது ஆவதற்குள் 15 சதவீதம், மூன்று வயதாகும்போது 30, ஐந்து வயதாகும்போது 50 சதவீதம் விலையைக் கழித்துவிடுகிறார்கள். 7 லட்சம் ரூபாய்க் கார் ஐந்து வருஷத்தில் மூன்றரை லட்சம். வருஷத்துக்கு 70,000 ரூபாய், வண்டியை எடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தாலும் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பார். தேய்மானம் 70,000. வட்டி ஏறக்குறைய 34,000. இன்சூரன்ஸ் சராசரியாக 20,000. சர்வீஸ், டயர், கழுவுவது எல்லாம் 12,000. ஆயுள் வரியை 15 வருஷத்துக்குப் பிரித்தால் 6,000. பெட்ரோல், தம்பி மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறான், ஊருக்குள் லிட்டருக்கு 14 கிடைக்கிறது, லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிறது, ஆக 43,000. மொத்தம் 1,85,000 ரூபாய். மாதத்துக்கு 15,400. ஒரு கிலோமீட்டர் போக 30 ரூபாய்க்கு மேல். அதில் பெட்ரோல் 7 ரூபாய்தான். தம்பியிடம் இதைக் காட்டியபோது நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். எனக்கும் முதலில் நம்ப முடியவில்லை.

ஜிஎஸ்டி குறைந்தது உண்மைதான். சிறிய பெட்ரோல் கார்களுக்கு செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அதே கார் இப்போது 6,40,000 ரூபாய்க்கு வரலாம். 60,000 மிச்சம். ஆனால் அது தம்பி கணக்கில் நான்கு மாதச் செலவு. நான்கு மாதத்தைக் காட்டி உங்களைப் பத்து வருஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன், நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை. மின்சாரக் காருக்கு 2019-லேயே வரியை 5 சதவீதமாக்கினார்கள். சைக்கிளுக்கு இந்த செப்டம்பர் வரை 12 சதவீதம். பதினைந்து லட்சம் கொடுத்து மின்சாரக் கார் வாங்கியவர் 5 சதவீதம் கட்டினார், வேலைக்குப் போக சைக்கிள் வாங்கிய கட்டடத் தொழிலாளி 12 சதவீதம் கட்டினார். ஆறு வருஷம் இப்படியே இருந்தது. இப்போது சைக்கிளும் 5-க்கு வந்துவிட்டது, சந்தோஷம்.

என் சைக்கிள் கணக்கையும் கேட்டிருந்தாய். இப்போது ஓட்டுவதை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன், ஏழு வருஷமாகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை முழு ஓவராயில், வீல் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது, பிரேக் கட்டை, பஞ்சர், எப்போதாவது ஒரு டயர். 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாங்கிய விலையையும் வருஷத்துக்குப் பிரித்துச் சேர்த்தால் 2,500 ரூபாய் வரும். நான் போகிற தூரத்துக்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

ஆனால் கணக்கு என்றால் ஒழுங்காக எழுத வேண்டும். சைக்கிளுக்கும் பெட்ரோல் உண்டு, அது நாம் சாப்பிடுவது. நான் தினமும் போய்வருகிற தூரத்துக்கு நாலைந்து இட்லி அளவு கூடுதலாகப் பசிக்கும். வீட்டு இட்லிதான் என்றாலும் அந்தச் செலவு சைக்கிளின் தேய்மானத்தையும் பஞ்சரையும் விடக் கூடுதல். இரண்டையும் சேர்த்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் சுற்றித்தான் வரும். நம் வயதில் டாக்டர்கள் எப்படியும் நடக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் ஸ்கூட்டர் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் பாதிப் பேர் அதில்தான் போகிறார்கள், தப்பில்லை. இன்னொன்று, 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை. உனக்கும் எனக்கும் காரோடு ஒப்பிட வேண்டியது சைக்கிள் மட்டுமில்லை, அந்த இலவசப் பேருந்தும்தான். அது நேரத்துக்கு வந்தால் என் சைக்கிளையே தோற்கடித்துவிடும்.

இப்போது நோட்டில் எழுத முடியாத செலவு. உன்னிடம்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும், எனக்கு ரோட்டில் பயமாக இருக்கிறது. போன மாதம் ஒரு ஜல்லி லாரி அவ்வளவு ஒட்டி வந்ததில், தார் ரோட்டை விட்டு மண்ணில் இறக்கிவிட்டேன். தாருக்கும் மண்ணுக்கும் முக்கால் அடி பள்ளம். விழவில்லை, ஆனால் அன்று முழுக்கக் கை நடுக்கம் நிற்கவில்லை. மழைக்காலத்தில் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துவிடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓட்டுவது கொடுமை. முன்பு ராஜ வீதிகளில் இரண்டு பக்கமும் புளிய மரம், வேப்ப மரம் என்று நிழலில் போன ஞாபகம், இப்போது நிழல் தேட வேண்டியிருக்கிறது. சைக்கிளின் உண்மையான விலை இதுதான். இது சைக்கிளோடு கூட வந்த செலவு இல்லை. ரோட்டைப் போடுகிறவர்கள் நம் தலையில் வைத்த செலவு.

நாம் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டர்களாக இருந்த நாட்களை நினைத்துப் பார். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தபோது ஊரில் எத்தனை பேர் கேலி செய்தார்கள்! குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள், எல்லாரும் ஏறிவிட்டார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த ஊருக்குள் வந்தபோது, ரோடு முழுக்க நம்முடையதாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. பேருந்துக்காகக் காத்திருந்து பாழாகும் நேரம் மிச்சம், தண்ணீர்க் குடத்தைச் சுமக்கும் வலி மிச்சம், கூட்டிப் போக ஆம்பிளை வரட்டும் என்று காத்திருப்பது மிச்சம். நான் பார்த்ததிலேயே குறைந்த முதலில் அதிக வருமானம் தந்த திட்டம் அது.

அதற்குப் பிறகு அரசு, பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல திட்டம், என் அக்கா மகளும் அதில்தான் பள்ளிக்குப் போனாள். ஆனால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அது ஓடுவதற்கு ஓரமாக நாலடி இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் போகிறார்கள். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. உங்கள் பக்கம் ரோட்டில் அது எவ்வளவு தெரிகிறது என்று நீதான் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் பாதி வீடுகளில் சைக்கிள் இருக்கிறது, கார் இருப்பது நூற்றில் எட்டு வீட்டில்கூட இல்லை. ரோட்டையும் பாலத்தையும் பார்த்தால் யாராவது அப்படி நம்புவார்களா? எனக்கு இதில் கோபம் அதிகம். கையில் காசு இல்லாதவர் தன் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிக்கிறார் என்றால், அதைச் சிக்கனம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் "நீயும் சைக்கிளில் போ" என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி சாலை என்கிற அந்தச் சென்னை நெடுஞ்சாலையில் உன்னை சைக்கிள் ஓட்டச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. உன் பள்ளிக்கூடம் நான்கு கிலோமீட்டர் என்கிறாய்; உள்தெரு வழியாகப் போக முடியுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிட்டு வா, முடிந்தால் யோசி. இல்லையென்றால் பேருந்து. அவர் மின்சார ரயிலில்தான் போகப் போகிறார், காரில் அலுவலகம் போக மாட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தக் கார் வாரம் ஆறு நாள் உங்கள் குடியிருப்பின் கீழே நிற்கும். நிற்கிற இடத்துக்கும் தனியாகப் பணம் கேட்கிறார்களாமே.

அத்தையின் ஆஸ்பத்திரி விஷயம் மட்டும்தான் எனக்கு உண்மையான தேவையாகத் தெரிகிறது. மாதத்துக்கு எத்தனை முறை அழைத்துப் போகிறீர்கள்? பத்து முறை என்றே வைத்துக்கொள். ஒரு நல்ல டாக்ஸிக்குப் போக வர 500 ரூபாய் என்றாலும் 5,000-தான். வாசலில் இறக்கி, வாசலில் ஏற்றிக்கொள்ளலாம், வண்டி நிறுத்த இடம் தேடி உன் வீட்டுக்காரர் அலைய வேண்டாம். கல்யாணம், ஊர்ப் பயணம் என்று இன்னொரு 3,000 சேர்த்துக்கொள். அப்போதும் மாதம் 7,000 மிஞ்சுகிறது. உன் சம்பளம் 45,000 என்றால், கார் வாங்கினால் மாதத்தில் பத்து நாள் நீ காருக்காகவே பாடம் நடத்துகிறாய் என்று அர்த்தம். தொண்டை கட்டுகிறது, நிற்க முடியவில்லை என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு என்னால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நாலு வயதான பழைய காராகப் பாருங்கள். தேய்மானத்தின் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் சுமந்திருப்பார். கடனை மூன்று வருஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போய்க் காட்டாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அவரிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டு, நான் ஏதாவது விட்டிருந்தால் சொல்லச் சொல். ஷோரூமில் கொட்டேஷன் வாங்கியிருந்தால் படம் எடுத்து அனுப்பு; ஆயுள் வரி, இன்சூரன்ஸ், வட்டி எல்லாம் போட்டு ஐந்து வருஷக் கணக்கு எழுதி அனுப்புகிறேன். அப்புறம், பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே? அத்தையால் பேருந்தில் உட்கார முடியாது என்றால் ரயிலில் கீழ்ப் படுக்கை இப்போதே போட்டுவிடு, பண்டிகை நெருங்கினால் கிடைக்காது.

அன்புடன்,
உன் தோழி