முகமூடியைக் கழற்றச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மனநலம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மனதில் இருப்பதை மறைக்காதீர்கள், முகமூடியைக் கழற்றி வையுங்கள், நீங்கள் நீங்களாக இருங்கள் என்று முடித்திருந்தார்கள். எழுதியவரின் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கழற்றி வைத்தவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு 49 வயது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. இளவயதிலிருந்தே எனக்குக் குரல்கள் கேட்கின்றன. மனசாட்சியின் குரல் என்று சொல்வார்களே, அதைச் சொல்லவில்லை. அடுத்த அறையில் ஒருவர் பேசினால் எப்படிக் காதில் விழுமோ அப்படியே விழும். மனச்சிதைவு என்று இங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன், மகளைப் படிக்க வைத்தேன், வீட்டுக் கணக்கு வழக்கும் நான்தான் பார்க்கிறேன். என் கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும், என் அப்பா நேரில் போய்ச் சொல்லிவிட்டார். மாமியார் வீட்டிலோ அலுவலகத்திலோ எங்கள் தெருவிலோ யாருக்கும் தெரியாது.

எனக்குக் கேட்பது இரண்டு குரல்கள். ஒன்று ஆண் குரல், யாரென்று தெரியாது. "எல்லாருக்கும் தெரியும், உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க" என்று ஆரம்பித்துக் கேட்கக் கூசும் வார்த்தைகளுக்குப் போகும். மருந்தில் அது நன்றாக அடங்கிவிட்டது, உடம்பு முடியாத நாட்களில் மட்டும் தலைகாட்டும். இன்னொன்று இறந்துபோன என் அத்தையின் குரல். "அடுப்பை அணைச்சியா? குடை எடுத்துக்கோ. இன்னும் குளிக்கலையா?" இப்படித்தான் இருக்கும். மருந்துக்கு அது முழுதாகப் போகவில்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அதோடு இருக்கப் பழகலாம், மருந்தைக் கூட்ட வேண்டாம் என்றார்.

எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2015-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய ஊர்களில், இந்தச் சிக்கலோடு குரல் கேட்பவர்கள் ஊருக்கு 20 பேரிடம் பேசியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பலருக்கும் முகம் தெரியாத குரல்கள், வெட்டு, கொல்லு என்று. சென்னையில் 11 பேருக்குச் சொந்தக்காரர்களின் குரல்கள், அதைச் செய், இதைச் செய் என்று வீட்டு வேலை ஏவுகிற குரல்கள். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் அழுதேன். என் அத்தையைப் போல இன்னும் எத்தனை அத்தைகள், எத்தனை வீடுகளில்! ஆனால் அந்த வீடுகளில் ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது. அவர்களும் என்னைப் போலத்தான் இருக்கிறார்கள்.

மறைப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாராவது பேசினால் முதலில் உதட்டைப் பார்ப்பேன். உதடு அசைந்தால் அவர் பேசியது, அசையாவிட்டால் அத்தை. பிறகுதான் பதில். இதற்கு அரை நொடி ஆகும், அந்த அரை நொடியில் முகம் மாறாமல் இருக்க வேண்டும். கூட்டமான இடத்தில் குரலுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்போல இருந்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவேன். செல்போன் வருமுன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன், பாட்டுப் பைத்தியம் என்று பெயர் வாங்கினேன். மாத்திரைகள் தைராய்டு மருந்து டப்பாவில் இருக்கின்றன. அந்த மாத்திரையால் உடம்பு பெருத்தது, "நல்லா சாப்பிடுறீங்கபோல" என்பார்கள், சிரித்துக்கொள்வேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நிம்ஹான்ஸ் நிறுத்தத்தில் இறங்க மாட்டேன். டெய்ரி சர்க்கிளில் இறங்கித் திரும்பி நடப்பேன். இந்த ஊரில் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் "நிம்ஹான்ஸ்ல சேர்க்கணும்" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். எங்கள் அலுவலகத்தில் வாரம் ஒரு முறையாவது அது காதில் விழும். நானும் சேர்ந்து சிரிப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நோயைவிட இந்த நடிப்புதான் என்னைப் படுக்க வைக்கிறது.

சரி, ஏன் சொல்லக்கூடாது? என் வேலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. விவாகரத்து மனுக்களை டைப் செய்வது நான்தான். 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 13-ம் பிரிவில், மணமுறிவுக்கான காரணங்களில் மனநோயும் ஒன்று. அங்கே உள்ள விளக்கத்தில் ஸ்கீசோஃப்ரினியா, அதாவது என் மனச்சிதைவு, என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். பெயரை ஒட்டிவிட்டால் மட்டும் போதாது, நோய் எந்த அளவில் இருக்கிறது, சேர்ந்து வாழவே முடியாத நிலையா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பெல்லாம் வழக்கின் கடைசியில் வருவது. மனுவில் முதலில் வருவது மாத்திரை அட்டையின் போட்டோ, மருந்துச் சீட்டின் நகல். "எதிர்மனுதாரர் தனியாகப் பேசுகிறார், தனியாகச் சிரிக்கிறார்" என்று நான் டைப் செய்யும்போது என் விரல்கள் நின்று போன நாட்கள் உண்டு.

ஒரு பெண் தன் அம்மாவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அடையாளம் தெரியும்படி எதுவும் சொல்லமாட்டேன். கைப்பையில் மாத்திரை இருந்தால்தானே சாட்சி, அதனால் மாத்திரையையே நிறுத்திவிட்டேன் என்றாள். அவள் கை நடுங்கியதும், அம்மா அந்தக் கையைத் தன் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டதும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனநலச் சிக்கல் உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று வந்தது. மருத்துவர் பற்றாக்குறையை எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மைதான். இந்தப் பெண்ணின் பயத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயும் ஒரு தடையாக இருந்தது, 1999-ல் எடுத்தார்கள். தொழுநோய் விவாகரத்துக்குக் காரணமாக இருந்தது, 2019-ல் எடுத்தார்கள். இரண்டும் மருந்தில் கட்டுப்படும் நோய்கள், பெயர் சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை என்று புரிந்ததால்தான் எடுத்தார்கள். மனச்சிதைவின் பெயர் மட்டும் ஏன் இன்னும் இருக்கிறது? அடி உதை படுகிறவர்கள், வாழவே முடியாதவர்கள் பிரிந்து போகத்தான் வேண்டும். அதற்குக் கொடுமை என்ற காரணம் தனியாகவே இருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம், ஒருவருக்கு மனநோய் என்பதாலேயே அவரைச் சித்தம் கலங்கியவர் என்று கொள்ளக்கூடாது என்கிறது. ஒரு சட்டம் இப்படிச் சொல்ல, இன்னொரு சட்டம் அப்படிச் சொன்னால், நாங்கள் எதை நம்பி முகமூடியைக் கழற்றுவது? இதை உங்கள் பத்திரிகை எழுதலாம். சட்ட நிபுணர்களைக் கேட்டு எழுதலாம்.

உங்கள் செய்திப் பக்கங்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கோ ஒரு கொலை நடந்தால், விசாரணை தொடங்கும் முன்பே "மனநோயாளி வெறிச்செயல்" என்று தலைப்பு வந்துவிடுகிறது. கூடவே போட்டோ. சிகிச்சையில் இருப்பவரின் போட்டோவையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக்கூடாது என்பது அதே 2017 சட்டத்தின் 24-ம் பிரிவு. பிரஸ் கவுன்சிலும் 2019-ல் இதை வழிகாட்டு நெறியாக ஏற்றது. அந்த மாதிரித் தலைப்பு வந்த காலையில் அலுவலகத்தில் பேப்பர் கை மாறும்போது நான் தலை நிமிர்வதில்லை.

என் மகளுக்கு 22 வயது. இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் வரன் பார்ப்போம். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று மருத்துவர் சொன்னார். தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்கிறாள் என் மகள். மறைத்துக் கல்யாணம் வேண்டாம், அப்பாவுக்குத் தாத்தா சொன்ன மாதிரி நானும் சொல்வேன் என்கிறாள். அவள் சொல்வது சரி. அவளுக்காக எனக்குப் பயம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். எத்தனையோ பட்டிமன்றம், எத்தனையோ கவியரங்கம் அங்கே கேட்டிருக்கிறேன். நிம்ஹான்ஸ் மருத்துவர் ஒருவரை அழைத்து, பெயர் முகவரி கேட்காமல் குடும்பங்கள் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கும்படி ஒரு மாலை நடத்தினால், கடைசி வரிசையில் நான் இருப்பேன். பக்கத்தில் இருப்பவர் நோயாளியா, நோயாளியின் அக்காவா, சும்மா கேட்க வந்தவரா என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பிற சங்கங்களும், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர்ப் பக்கத்துக் கோயில் மண்டபங்களும் இதைச் செய்யலாம்.

இப்போதைக்கு யாரிடமும் சொல்ல முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். கர்நாடகத்திலிருந்து கூப்பிட்டாலும் மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். மனநலம் பற்றி வரும் ஒவ்வொரு செய்திக்குக் கீழும் இந்த எண்ணைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்ன அந்தப் பெண்ணின் பகுதியை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு