செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் இயற்கை ஆர்வலர் சங்கம் செய்த வேலைகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டம் பதினொன்று நடந்தது. டிசம்பரில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பறவைக் கணக்கெடுப்போடு நிற்காமல் ஒரு கேள்வியை ஆண்டு முழுக்கத் துரத்திப் பார்ப்போம் என்று போன பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். தன்னைத் தின்ன வரும் விலங்கு கண்ணில் படும் முன்பே, அது வருவது இரை விலங்குக்கு எப்படித் தெரிகிறது? இதுதான் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

ஜூலையில் ஏரிக்கரைப் பள்ளத்திலிருந்து தலைப்பிரட்டைகளை எடுத்து வந்து இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளில் விட்டோம். தண்ணீரில் வாழும் தட்டான் குஞ்சு தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்னும். அப்படி ஒரு குஞ்சு இரை தின்றுகொண்டிருந்த பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை முதல் தொட்டியில் ஊற்றினோம். இரண்டாவதில் வெறும் தண்ணீர். சில நிமிடங்களில் முதல் தொட்டியில் நீச்சல் அடங்கிவிட்டது. எல்லாம் அடியில் கிடந்த இலைகளுக்குள் போய் அசையாமல் ஒட்டிக்கொண்டன. பக்கத்துத் தொட்டியிலோ பாசியைக் கொறித்துக்கொண்டு வழக்கம்போலத் திரிந்தன. "அந்தப் பூச்சிதான் இங்கே இல்லையே சார், அதுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள். வாசனைதான். தின்னும் பூச்சியின் உடலிலிருந்து வருவதும், தின்னப்பட்ட தலைப்பிரட்டையின் உடலிலிருந்து வருவதும் தண்ணீரில் கரைந்து சேதி சொல்லிவிடுகின்றன. மூன்று முறை செய்து பார்த்தோம். ஒரு முறை பலிக்கவில்லை. பாட்டில் தண்ணீர் இரண்டு நாள் பழையது, வாசனை போயிருக்க வேண்டும். எல்லாத் தலைப்பிரட்டைகளையும் அன்றன்று மாலையே பள்ளத்தில் விட்டுவிட்டோம்.

மீன்களிலும் இது உண்டு. காயம்பட்ட ஒரு சிறு மீனைக் கூட்டத்தில் திரும்ப விட்டதும் மற்றவை மிரண்டு ஓடியதைக் கவனித்த ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் வான் ஃப்ரிஷ், மீனின் தோல் கிழியும்போது கசியும் பொருள்தான் காரணம் என்று 1938இல் எழுதினார். நம் ஏரிக் கெண்டையும் அந்த மீனின் சொந்தம்தான்.

ஆகஸ்ட் கூட்டத்தில் பேசப்பட்ட மத்திய அமெரிக்காவின் செங்கண் மரத்தவளையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குளத்துக்கு மேலே தொங்கும் இலையில் அது முட்டையிடும். பாம்பு அந்த முட்டைக் கொத்தைக் கடித்து இழுக்கும்போது, உள்ளே இருக்கும் கரு அந்த அதிர்வை உணர்ந்து, பொரிய வேண்டிய நாளுக்கு முன்பே பொரிந்து தண்ணீரில் குதித்துவிடும். மழைத்துளி விழுந்தாலும் இலை அதிரத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பொரிவதில்லை! பிறக்காத உயிருக்கு இந்த வித்தியாசம் தெரிகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஜனவரியில் முதுமலை போனோம். தெப்பக்காட்டிலிருந்து கிளம்பிய வண்டி ஓரிடத்தில் இன்ஜினை நிறுத்தியது. மரத்தில் மந்திகள், அவை உதிர்த்த இலைகளைக் கீழே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று உச்சிக் கிளையிலிருந்து ஒரு மந்தி இருமுவதுபோல் கத்தியது. அத்தனை மானும் தலையைத் தூக்கின. ஒரு பெண்மான் வாலை நிமிர்த்தி, முன்னங்காலைத் தரையில் தட்டிக்கொண்டே புதர்ப் பக்கம் பார்த்தது. மந்திக்கு உயரத்தின் பார்வை, மானுக்கு மோப்பம். ஒன்றின் எச்சரிக்கை மற்றதற்கும் உதவுகிறது. சிறுத்தையோ செந்நாயோ, வந்தது எது என்று நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. கால் மணி நேரம் வண்டியில் ஒரு சத்தமில்லை. அப்புறம் பின்னால் வந்த வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. அதன்பின் மந்தி கத்தியதா இல்லையா என்பதே எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த மானுக்கு மட்டும் கேட்டிருக்குமா?

நம் சத்தம் இப்படிக் குறுக்கே வருமென்றால், நம் வெளிச்சம்? இந்தக் கேள்விதான் நம்மை ஏரிக்கரை விளக்குகளிடம் கொண்டுவந்து நிறுத்தியது. நடைபாதைக்குப் போட்ட விளக்குகள் விடிய விடிய எரிந்து நாணலையும் சேர்த்துப் பகலாக்குகின்றன. நிலா வெளிச்சத்தில் ஆந்தை கண்ணுக்குத் தப்ப முடியாது என்பதால் எலி இனங்கள் பல பௌர்ணமியை ஒட்டி வெட்டவெளிக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நம் கரையில் தேய்பிறை என்ற ஒன்றே இப்போது இல்லை. விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைப் பாதையில் மட்டும் விழச் செய்யுங்கள், இரவு 10 மணிக்கு மேல் அணைத்து வையுங்கள் என்று பிப்ரவரியில் மனு கொடுத்தோம். இன்னும் பதில் வரவில்லை.

இரண்டாவது மனுவை எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்